உருண்டவரும் ஓடிய உபதேசியாரும்

உபதேசியார் வேலை என்பது, கடவுள் மனிதனாகப் பிறந்த அதிசயத்தைத் தொண்டை வறள ஒரு மணி நேரம் விளக்கிவிட்டு, "யாருக்காவது கேள்வி இருக்கிறதா?" என்று கேட்டால், "ஃபேனைக் கொஞ்சம் கூட்டுங்க ஐயா" என்ற பதிலை வாங்கிக்கொள்கிற வேலை. ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, ஞானஸ்நான வகுப்பு எடுத்து மாட்டிக்கொண்டவர்களே, நீங்கள் எல்லாரும் என் கட்சி. மேலே படியுங்கள், மனசு ஆறும்.

காஞ்சிபுரத்தில் செவிலிமேட்டுப் பக்கம் எங்கள் சிறிய சபை. ஆயர் டவுனில் பெரிய கோயிலில் இருக்கிறார், எப்போதாவது வருவார். மற்ற நாட்களில் ஆராதனை, வகுப்பு, மைக் செட், தண்ணீர் கேன் எல்லாம் நான்தான். என் வியாதி உற்சாகம். ரட்சிப்பு என்று வாயைத் திறந்தாலே எனக்குக் கால் தரையில் நிற்காது. முன்வரிசையில் இருந்து என் மனைவி 'மெதுவா, மெதுவா' என்று கையை அசைப்பாள். நான் அதை ஊக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கத்துவேன்.

தெருவுக்கு வந்த சாமி

வைகாசித் திருவிழா. பெருமாள் கருட வாகனத்தில் வெளியே வந்திருக்கிறார். ஊரே தெருவில் நிற்கிறது, பஸ் போகாது, பைக் போகாது. நான் வரதன் டீக்கடையில் ஒதுங்கினேன். வரதன் சாமி வரும் திசையைப் பார்த்துக் கும்பிட்டபடியே டீ ஆற்றுகிறவர். "ஏன் சார், உங்க சாமி இப்படி வெளிய வருமா?" என்று சும்மாதான் கேட்டார். கேட்கலாமா என்னிடம்?

ஆரம்பித்துவிட்டேன். கடவுள் மேலேயே இருந்துவிடவில்லை, ஒரு பெண் வயிற்றில் பிறந்தார், தச்சுப் பட்டறையில் வேலை செய்தார், பசித்தது, தூங்கினார், அழுதார் என்று ஒரே மூச்சில் சொன்னேன். வானவேடிக்கை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாதியில் டீ ஆறிப்போய், வரதன் அதை வாங்கிச் சூடாக வேறு ஊற்றிக் கொடுத்தார். முடித்துவிட்டு மூச்சு வாங்க நின்றேன். அவர் பால் சட்டியைக் கிளறிக்கொண்டே யோசித்தார். பிறகு சொன்னார்: "எங்க சாமி தெருவுக்கு வந்து எல்லாரையும் பாத்துட்டு கோயிலுக்குப் பூடும் சார். உங்காளு வந்து, வருஷக்கணக்கா இங்கயே குடியிருந்துக்கினு வேலைக்கும் போனாரா? அப்போ அவருக்கு எங்க கஷ்டம் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும் பா."

ஃபிஃப்டி ஃபிஃப்டியா?

சனிக்கிழமை மாலை ஞானஸ்நான வகுப்பு. ஏனாத்தூரில் கல்லூரியில் படிக்கும் பிரியா முதல் பெஞ்சில் இருப்பாள். கேள்வி கேட்பதற்கென்றே பிறந்த பெண். கடைசி பெஞ்சில், வாசலை ஒட்டி ஏகாம்பரம் இருப்பார். பக்கத்துத் தெருவில் பட்டுத் தறி போட்டிருப்பவர், ஐம்பதை நெருங்கியவர். எங்கள் ஒலிபெருக்கி சத்தம் தாங்காமல் ஒரு ஞாயிறு சண்டை போட வந்தவர், பாட்டு முடியட்டும் என்று உட்கார்ந்தார், அப்புறம் ஒரு ஞாயிறும் விடவில்லை. ஆனால் ஒன்று. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஞானஸ்நானம் வாங்கிக்கொள்கிறேன் என்பார், அன்று காலையில் ஆள் காணாமல் போவார். காரணம் கேட்டால் சிரிப்பார். எனக்கு அது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

அன்றைய பாடம், இயேசு முழுக்கக் கடவுள், முழுக்க மனிதன். பாலும் டிகாக்‌ஷனும் கலந்த மாதிரி என்றேன். பிரியா உடனே, "அப்போ ஃபிஃப்டி ஃபிஃப்டியா அங்கிள்?" என்றாள். இல்லை இல்லை என்று கையை வீசி, உள்ளூர் உதாரணத்துக்குத் தாவினேன். பட்டுப்புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் கோர்வை போட்டு இணைத்திருக்கிறார்களே, அப்படி! எனக்கே புல்லரித்தது. வகுப்பும் தலையாட்டியது. கடைசி பெஞ்சிலிருந்து ஏகாம்பரம் முதல்முறையாக வாய் திறந்தார்: "கோர்வ சரியா வுழலன்னா கரை தனியா கையோட வந்துடும் ஐயா. சாமி விஷயத்துல அந்த ரிஸ்க்கு வாணாம்."

ஆல் பாஸ்

அடுத்த வாரம் கிருபை. நம் தகுதியைப் பார்த்து அல்ல, கடவுள் தம் அன்பினால் இலவசமாகத் தருகிற ரட்சிப்பு. நான் எகிறி எகிறிப் பேசினேன். மேசை மேல் இருந்த தண்ணீர் பாட்டில் கீழே விழுந்தது, எடுக்கக்கூட நிற்கவில்லை. நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒரே வாசல், ஒரே அழைப்பு என்று முடித்தேன். பிரியா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்: "கொரோனா டைம்ல எங்க சீனியர்ஸுக்கு ஆல் பாஸ் போட்டாங்களே, அந்த மாதிரியா அங்கிள்? அப்போ ஒழுங்கா படிச்சவ காண்டாவ மாட்டாளா?"

ஜரிகை குத்திய பாலன்

கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு பிளாஸ்டிக் பொம்மை வேண்டாம், உயிருள்ள குழந்தையே வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். பக்கத்து வீட்டு லட்சுமி சந்தோஷமாகத் தன் கைக்குழந்தையைக் கொடுத்தாள். பாலனைச் சுற்றப் பழந்துணி போதும் என்றேன். ஏகாம்பரத்துக்கு முகம் மாறிவிட்டது. சாமிக்குப் போய்ப் பழந்துணியா? இந்த ஊரில் எந்தச் சாமிக்கு அப்படிச் செய்திருக்கிறார்கள்? அவர் பாட்டுக்கு ஒரு வாரம் உட்கார்ந்து, அரக்கு நிறத்தில் அகலக் கரை போட்டு, சின்னதாக ஒரு பட்டே நெய்துகொண்டு வந்துவிட்டார். தறிக்காரர் கொடுத்த காணிக்கையை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

திரை விலகியது. மரியாள், யோசேப்பு, மூன்று சாஸ்திரிகள், நடுவே பட்டில் ஜொலிக்கிற பாலன். ஒரே நிமிடம்தான். குழந்தை வீறிட்டது பாருங்கள், மைக் இல்லாமலே பஸ் ஸ்டாப் வரை கேட்டிருக்கும். மரியாள் பயந்து யோசேப்பிடம் கொடுத்தாள், யோசேப்பு சாஸ்திரியிடம் கொடுத்தான். கடைசியில் லட்சுமி மேடையேறி, பட்டை உருவி ஏகாம்பரம் கையில் கொடுத்துவிட்டு, தன் பழைய நூல் புடவைத் துண்டில் பிள்ளையைச் சுற்றினாள். கப்சிப்! கடவுள் மெய்யாகவே மாம்சமானார் என்று நான் வருஷக்கணக்கில் தொண்டை கிழியச் சொன்னதை, லட்சுமி எல்லாரும் கேட்கும்படி ஒரே வரியில் சொன்னாள்: "சாமியா வந்தாலும் கொழந்த கொழந்ததானே ஐயா, ஜரிக குத்தாதா?"

யாருடைய பாவு?

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் தொடங்கியது. இந்த ஈஸ்டரிலாவது ஏகாம்பரத்தைத் தண்ணீருக்குள் இறக்கிவிடுவது என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன். ஒருநாள் அவர் வீட்டுக்கே போனேன். ஊடு நூல் ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்துவிட்டு, தறியைப் பார்த்தபடியே, ஈஸ்டருக்கு ஈஸ்டர் ஓடுகிற காரணத்தைச் சொன்னார். அப்பா போன பிறகு வீட்டைப் பங்கு பிரிப்பதில் அவருக்கும் அண்ணன் சிவலிங்கத்துக்கும் தகராறு. வாய்ச்சண்டை முற்றி, ஒரு வெறியில் ஏகாம்பரம், அண்ணனுடைய தறியில் கட்டியிருந்த பாவை பிளேடால் குறுக்கே அறுத்துவிட்டார். பாவு என்றால் தறியில் நெடுக இழுத்துக் கட்டிய பட்டு இழைகள், ஆயிரக்கணக்கில். கல்யாணப் புடவைக்கான பாவு அது, நெய்ய அப்போதுதான் தொடங்கியிருந்தார்களாம். நெசவாளி வீட்டில் ஆளை அடித்தால்கூட மன்னிப்பார்கள், பாவை அறுத்தவன் முகத்தில் விழிக்கமாட்டார்கள். அன்றைக்கே பிள்ளையார்பாளையத்தை விட்டு இங்கே வந்தவர், அண்ணன் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

எனக்கு உள்ளே பொங்கிவிட்டது. இவ்வளவுதானா! இதற்குத்தானே சிலுவை! உம்முடைய குற்றத்தை இன்னொருவர் தம்மேல் போட்டுக்கொண்டார், அதன் பெயர்தான் பாவநிவாரணம், நீர் செலுத்த வேண்டியது ஒன்றுமில்லை என்று நின்றபடியே பிரசங்கம் செய்தேன். ஏகாம்பரம் பொறுமையாகக் கேட்டார். எழுந்து எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் சொன்னார்: "இயேசு மன்னிச்சிடுவாருங்கய்யா, அவரு பெரிய மனசுக்காரரு. ஆனா நான் அறுத்தது அவரு பாவு இல்லியே, எங்க அண்ணனோடது."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. நடந்ததை என் மனைவியிடம் சொன்னேன். அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வந்து சொன்னாள்: "அவரு கேட்டது கரெக்டு. நீங்க கொஞ்ச நாளு கத்தாம இருங்க."

இன்னும் சுத்து பாக்கி

பெரிய வெள்ளி. மதியம் மூன்று மணி நேர ஆராதனை. மைக் கட்டலாம் என்று கொஞ்சம் முன்னாலேயே போனேன். கோயிலைச் சுற்றி ஜல்லி கொட்டிய தரையில் ஏதோ உருண்டுகொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் ஏகாம்பரம்! ஈர வேட்டி, வெற்று மேல், தலைக்கு மேல் கூப்பிய கை. அங்கப்பிரதட்சணம்! கோயிலுக்குக் கோயில் இந்த ஊரில் பார்த்ததுதான், வேண்டுதல் தீர்க்க உருளுவார்கள். சிலுவை வைத்த கோயிலைச் சுற்றி உருண்டவரை நான் பார்த்ததில்லை, நீங்களும் பார்த்திருக்கமாட்டீர்கள்.

முதுகெல்லாம் சிராய்ப்பு. நான் குனிந்தபடி அவர் கூடவே ஓடினேன். அவர் உருள, நான் ஓட, வாசல் வரை வந்துவிட்ட சபையார் வாய் பிளந்து நிற்க, "ஏகாம்பரம், எல்லாம் செலுத்தியாகிவிட்டது! எழுந்திருங்கள்! கிருபை!" என்று கத்திக்கொண்டே மூலை திரும்பினேன். மூச்சு வாங்கியது, செருப்பு ஒன்று கழன்று போனது. அவர் நிற்கவில்லை. வடக்குச் சுவர் ஓரம் தலையை மட்டும் தூக்கி, மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "நீங்க சொல்றது எல்லாம் சரிங்கய்யா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இன்னும் சுத்து பாக்கி இருக்குது."

பிள்ளையார்பாளையத்து விருந்தாளி

அதற்குமேல் என்னிடம் பிரசங்கம் இல்லை. மைக்கைப் பிரியா கையில் கொடுத்துவிட்டு பைக்கை உதைத்தேன். வழியெல்லாம் ஜெபமா புலம்பலா என்று தெரியாமல் பேசிக்கொண்டே போனேன். பிள்ளையார்பாளையத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். நெற்றி நிறைய திருநீறோடு சிவலிங்கம் தறியில் இருந்தார். அவரை அதற்குமுன் நான் பார்த்ததேயில்லை. "உங்கள் தம்பி எங்கள் கோயிலைச் சுற்றி உருள்கிறார், அறுத்த பாவுக்காக" என்று மட்டும் சொன்னேன். வாழ்க்கையிலேயே நான் செய்த மிகச் சின்னப் பிரசங்கம் அதுதான்.

அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவர் தறிக்குழியிலிருந்து காலை எடுத்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், என் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். சண்டைக்கு வருகிறாரா, சமாதானத்துக்கா? கேட்கத் தைரியமில்லாமல் வண்டியை விரட்டினேன்.

நாங்கள் வந்தபோது ஏகாம்பரம் வாசலுக்கு நேரே வந்திருந்தார், வேகம் குறைந்து, புரள்வதே பாடாக இருந்தது. சிவலிங்கம் நேராகப் போய் அவர் முன்னால் ஜல்லியில் மண்டி போட்டார். உருண்டு வந்து அவர்மேல் இடித்துத் தடைப்பட்ட ஏகாம்பரம் கண்ணைத் திறந்து அண்ணனைப் பார்த்ததும், கூப்பிய கையைப் பிரித்து அவர் வேட்டி நுனியைப் பற்றிக்கொண்டார். சிவலிங்கம் தம்பி முதுகைத் தன் துண்டால் துடைத்தார். ஒட்டியிருந்த ஜல்லியை ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்துக்கொண்டே, சபையார் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அந்தப் பாவ நானே ஒக்காந்து இழை இழையா பிணைச்சிட்டேன்டா. நெய்ஞ்சி குடுத்து, அதக் கட்டிக்கினு ஒரு பொண்ணு கல்யாணமே பண்ணிக்கினு போயிட்டா. நீ வருவ வருவன்னு நான் வாசலப் பாத்துக்கினு கெடக்குறேன், நீ யாருக்குடா இங்க உருண்டுக்கினு கெடக்குற?"

ஈஸ்டர் காலையில் ஏகாம்பரம் எங்கும் ஓடாமல் வந்து ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார்; பெரிய வெள்ளிக்கென்று நான் இரண்டு வாரம் முட்டிமோதித் தயாரித்த பாவநிவாரணப் பிரசங்கத்தை மட்டும், திருநீறு பூசிய ஒருவர் வெயிலிலேயே முடித்துவிட்டுப் போய்விட்டதால், இன்றுவரை கேட்க ஆளில்லை.