கூப்பிடு தூரத்துக் கண்ணாடித் தொட்டி

தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. வீட்டு முன்னறையில் தையல் மிஷின், அதைத் தாண்டினால் சமையலறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே மீன் காட்சிசாலையின் பின்சுவர். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கல் கட்டடம் அது. கடல் தண்ணீரை உள்ளே இழுக்கும் மோட்டாரின் உறுமல்கூட அடுப்படியில் கேட்கும். அங்கே வேலை பார்ப்பவர்களின் நீலச் சட்டைகள் எல்லாம் அவள் தைத்தவை. ஆனால் கல்யாணமாகி இருபது வருஷத்தில் ஒருமுறைகூட அவள் உள்ளே போனதில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் கணவர் அங்கே அழைத்துப்போவார். அவள் மட்டும் சமையலுக்காக வீட்டில் நிற்பாள். "நீ எங்க போயிடப் போற, பக்கத்துலதானே இருக்கு? அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். அந்த அப்புறம் வரவே இல்லை.

அன்று கணவரின் சித்தி குடும்பத்தோடு வந்திருந்தார். வழக்கம்போல எல்லோரும் கிளம்பினார்கள். செருப்பை மாட்டிக்கொண்டே கணவர், "வர்றதுக்குள்ள சோத்த வடிச்சு வச்சிரு" என்றார். எத்தனையோ தடவை கேட்ட பேச்சுதான். அன்று என்னவோ சுருக்கென்று தைத்தது. அரிசி பாதி வெந்திருந்தது. அடுப்பை அணைத்தாள், கதவைப் பூட்டினாள், நடந்தாள்.

வாசலில் டிக்கெட் கிழிப்பவர், "அக்கா, நீங்களா!" என்று வாயைப் பிளந்தார். அந்த ஆச்சரியமே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

உள்ளே இருட்டு. ஈரக் கல்லின் வாசனை. வளைவு வளைவாகப் போன நடையின் இருபுறமும் கண்ணாடிகள் பச்சையாக ஒளிர்ந்தன. ஒரு திருக்கை, காற்றில் பறக்கும் துணி மாதிரி, அவள் முகத்துக்கு நேரே மிதந்து போனது. சுவருக்கு இந்தப் பக்கம் இவ்வளவு இருந்ததா?

அப்போதுதான் பக்கத்துத் தொட்டியின் முன்னாலிருந்து கணவரும் சித்தியும் பேசுவது கேட்டது.

"உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வந்திருக்கலாமேடா" என்றார் சித்தி.

"அவளுக்கு இதெல்லாம் புடிக்காது சித்தி. மீன்னா சட்டிக்குள்ள இருக்கணும் அவளுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் இருட்டிலிருந்து முன்னால் வந்தாள். "புடிக்காதுன்னு யாரு சொன்னது? ஒரு நாளாவது கேட்டீங்களா?"

கணவருக்கு முகம் வெளிறிப்போனது. "நீ எங்க இங்க? அடுப்புல சோறு?"

"பாதி வெந்து கெடக்கு. நானும் அப்படித்தான் கெடக்கேன்."

"நாலு பேரு பாக்கறாங்க. வீட்ல போயி பேசிக்கலாம்."

"பாக்கட்டும். டிக்கெட் வாங்கிட்டுத்தானே வந்திருக்காங்க? வீட்ல பேசினா உங்களுக்கு எங்க காது கேக்குது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சித்தி தலையைக் குனிந்துகொண்டார். கணவர் எல்லோரையும் விறுவிறுவென்று வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

சற்று நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தார். "சாவியக் குடு."

"முழுசா பாத்துட்டு வர்றேன். வாசப்படில உக்காந்திருங்க."

ஆமையைப் பார்த்தாள். பாறை இடுக்கிலிருந்து தலை நீட்டிய விலாங்கைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் கோபம் தணியவில்லை, ஏறியது. ஒவ்வொரு தொட்டியும் அவளுக்குக் கிடைக்காமல் போன ஒரு சாயங்காலமாகத் தெரிந்தது. மூடும் மணி அடித்த பிறகுதான் வெளியே வந்தாள். பசியோடு வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தவர்கள், அவள் கதவைத் திறக்க வழிவிட்டார்கள். பாதி வெந்த அரிசியைச் சித்தியே எடுத்து மறுபடி அடுப்பில் வைத்தார்.

கணவர் பல நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். அவள் அதைச் சட்டை செய்யவில்லை. அடுத்த தடவை விருந்தாளிகள் வந்தபோது, தயங்கித் தயங்கி, "நீயும் வர்றியா?" என்று கேட்டார்.

"இதக் கேக்க இருபது வருஷமாச்சா உங்களுக்கு?" என்றாள். அன்று அவள் போகவில்லை. சமைக்கவும் இல்லை.