பின்சீட்டு ஓனரம்மா

கம்பம்மெட்டுச் சாலையில் நான் வெகுகாலம் பாதி உலகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். சேலை கட்டிக்கொண்டு பைக்கில் ஒருபக்கமாக உட்கார்ந்து போகிறவளுக்கு இடதுபக்கம் மட்டும்தான் சொந்தம். ஒரு வளைவில் முகத்துக்கு நேரே பாறை வரும், அதில் தண்ணீர் கசியும், கை நீட்டினால் பெரணிச் செடி தட்டுப்படும். அடுத்த வளைவில் பாறை காணாமல் போய், செருப்புக்குக் கீழே பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். திராட்சைப் பந்தல், வாழை, தென்னை, இவற்றுக்கு நடுவே எங்கேயோ மினுங்கி மறையும் வாய்க்கால். வலதுபக்கம் என்ன இருந்தது என்று அவரைத்தான் கேட்க வேண்டும். அவரோ சாலையைத் தவிர எதையும் பார்த்தவர் இல்லை.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். மலை எல்லையான மெட்டுக்கு அந்தப்புறம், கேரளத்தில், எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. அவர் அநேகமாக தினமும் போய்வருவார். நான் பண்ணைப்புரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். லீவு நாட்களில் அவர் பின்னால் ஏறிக்கொள்வேன். தோட்டத்தில் நான் செய்து கிழிப்பது ஒன்றுமில்லை. இரண்டு செடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பால் விடாத கட்டன் சாயா குடித்துவிட்டு, மேகம் மரத்துக்குள் நுழைவதை வேடிக்கை பார்ப்பேன். நான் போவதே போகிற வழிக்காகவும் வருகிற வழிக்காகவும்தான்.

வருகிற வழியில் தூங்கிவிடுவேன். சிரிக்காதீர்கள், ஏலக்காய் வாசம் துணியெல்லாம் ஏறி, சாயங்காலக் காற்றும் சேர்ந்தால் யாருக்கும் அப்படித்தான். என் வலதுகை அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருக்கும். நேர்ரோட்டில் அவருடைய இடதுகை வந்து அதன்மேல் உட்காரும். வளைவு வந்தால் அந்தக் கை போய்விடும், வளைவு முடிந்ததும் திரும்பி வந்துவிடும். கண்ணைத் திறக்காமலே மலை எங்கெங்கே திரும்புகிறது என்று எனக்குத் தெரியும். கனவுக்குள் வகுப்பறை வரும், அதன் ஜன்னலுக்கு வெளியே ஏலச்செடி நிற்கும், கரும்பலகையிலிருந்து பனி இறங்கும். பிறகு கம்பத்து ஹாரன் சத்தங்கள் வந்து என்னைக் கீழே இறக்கிவிடும்.

அந்த வண்டி என் பேரில் இருந்தது. வாங்கும்போதே அவர் தம் அம்மாவிடம், "எனக்கு வாகன ராசி இல்லையாம்மா, அவ பேர்லயே எடுத்துருவம்" என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் இது புதுசில்லை. ராசி இல்லாதவர் பெண்டாட்டி பேரில் வாங்குவார், இரண்டு பேருக்கும் இல்லையென்றால் பிள்ளை பேரில் வாங்குவார். சனி பகவான் வீடு தேடி வந்து, ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்த்து, பேர் வேறாக இருக்கிறதே என்று முகம் வாடித் திரும்பிப் போவார் என்று நான் கேலி செய்வேன். அவர் சிரித்துக்கொள்வார். மெட்டில் கேரளப் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, செல்போனில் பேப்பரைப் பார்த்து, "ஓனர் எவிடெ?" என்று கேட்டால், கட்டைவிரலால் பின்னால் காட்டுவார். "இந்தா, ஓனரம்மா பின்சீட்டுல இருக்காக."

அந்தப் போலீஸ்காரருக்காகத்தான் எங்கள் ஊரில் இன்சூரன்ஸே போடுவார்கள். கம்பத்துக்குள்ளேயே சுற்றுகிற வண்டிக்கு அது இருக்கிறதா என்று யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. மெட்டு ஏறப் போகிறோம் என்றால்தான், "ஏலே, இன்சூரன்ஸ் இருக்கா, அங்கன பிடிப்பாக" என்று ஞாபகம் வரும். அதனால் உள்ளதில் சல்லிசானது எதுவோ அதைப் போட்டு, நுழைவுச் சீட்டு மாதிரி காட்டிவிட்டுப் போவது வழக்கம். நாங்களும் அப்படித்தான்.

சென்ற மழைக்கு முன், பாலிசி முடியச் சில நாட்கள் இருக்கும்போது, அவருக்குத் தோட்டத்தில் வேலை இருந்ததால் புதுப்பிக்க நானே போனேன். கம்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில், என் வயதுள்ள ஒரு அம்மா இந்த இன்சூரன்ஸ் வேலையெல்லாம் பார்ப்பார். ஆர்.சி.யை வாங்கித் தட்டச்சு செய்துகொண்டே கேட்டார்.

"டீச்சர், லைசென்ஸ் இருக்கா?"

"எனக்கு எதுக்கு லைசென்ஸ்? நான் பின்னாடி உக்காருற ஆளு."

"வண்டி உங்க பேர்ல இருக்கே?"

"பேருதான் எம்பேரு. ஓட்டுறது அவுக."

அந்தம்மா தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இங்கன பாருங்க டீச்சர். தேர்டு பார்ட்டின்னா, நம்ம வண்டி யார் மேலயாவது மோதுனா அவுகளுக்கு. அது கட்டாயம். நம்ம வண்டிக்கு அடிபட்டாலோ களவு போனாலோ வேணும்னா ஃபுல் இன்சூரன்ஸ் போடணும். அதுபோக, ஓட்டுற ஓனருக்கு விபத்துக் கவர்னு ஒன்னு தனியா உண்டு. ஆனா ஓட்டுறவுகளே ஓனரா இருக்கணும், லைசென்ஸும் அவுகளுக்கு இருக்கணும்."

"அப்ப எனக்கு அது கிடையாது."

"கிடையாது."

"அவுகளுக்கு?"

"சார் ஓனர் இல்லையே, டீச்சர்."

"சரி, பின்னாடி உக்காந்து வர்ற ஆளுன்னு என்னையச் சேக்க மாட்டாகளா?"

"வெறும் தேர்டு பார்ட்டியில பின்சீட்டு ஆளு சேத்தியில்ல. ஃபுல்லாப் போட்டா சேரும். ஆனா ஓனரே பின்னாடி உக்காந்து வந்தா..." சொல்லிக்கொண்டே வந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதை நான் ஆபீஸ்லதான் கேக்கணும். பேசாம வண்டிய சார் பேருக்கு மாத்திட்டு ஃபுல்லாப் போட்டுருங்க. அவுக ஓட்டுற ஓனர், நீங்க பின்சீட்டு. எல்லாம் நேராயிரும்."

ரெண்டு நாள் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டு இறங்கினேன். மாடிப்படியில் நின்று கணக்குப் பார்த்தேன். எங்கள் வண்டி ஒருநாள் போய் மோதக்கூடிய, யாரென்றே தெரியாத ஒரு மனிதருக்குப் பாதுகாப்பு இருந்தது. வண்டிமேல் உட்கார்ந்திருந்த எங்கள் இரண்டு பேருக்கும் எதுவுமில்லை. அவர் ஓட்டுகிறார், ஓனர் இல்லை. நான் ஓனர், ஓட்டுவதில்லை. கேலி செய்து சிரித்த சமாசாரத்தில் இப்போது சிரிக்க ஒன்றுமில்லை.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது வண்டியை அவர் பேருக்கு மாற்றச் சொன்னேன். "அது மட்டும் வேணாம்" என்றார். வேறு எதற்கும் அப்படி ஒரே பேச்சில் வெட்டுகிறவர் இல்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"உங்க கிரகத்துக்கு என்னையக் கொண்டு போய் முன்னாடி நிறுத்திட்டு, நீங்க பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டீக. அப்படித்தான?"

அவர் எழுந்து கையைக் கழுவப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மெட்டு ஏறினோம். அதே பாறை, அதே தண்ணீர், ஆனால் ஒன்றும் மனசில் ஒட்டவில்லை. முதல்முறையாக ஒவ்வொரு வளைவிலும் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பார்த்துக்கொண்டு போனேன். அவர் இடுப்பைப் பிடிக்காமல் சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நேர்ரோட்டில் அவர் இடதுகை வந்து, துழாவி, என் கை இல்லாததைக் கண்டு திரும்பிப் போனது.

மேலே டீக்கடையில் ஒரே மூட்டம். எதிரே நிற்கிற ஜீப்புகூடத் தெரியவில்லை. ரெண்டு கட்டன் சாயா வாங்கிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர், மூட்டத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு ராசி இல்லன்னு சோசியரு சொல்லவே இல்ல."

"பெறகு?"

"ரெண்டு சாதகத்தையும் பாத்தாரு. வண்டி ஒம் பேர்ல இருந்தா, அதுல ஏறுன ஒனக்கு ஒரு கீறலும் விழாதுன்னாரு. எனக்கு என்னன்னு நான் கேக்கல. அம்மாகிட்ட எனக்கு ராசி இல்லன்னு சொல்லிட்டேன். பொண்டாட்டிக்காக இப்படிச் செய்யிறேன்னா சிரிப்பாகல்ல?"

அவர் ஒரு வாய் சாயா குடித்தார்.

"நீ தூங்குற ஆளு," என்றார். "எந்த வளைவுல நழுவி விழுந்துருவியோன்னு எனக்குப் பயம். கல்யாணமான புதுசுல இருந்தே பயம். வேற என்னத்தச் செய்ய? பேரை மட்டும் மாத்தச் சொல்லாத."

எனக்குக் கோபமெல்லாம் போய் அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷமும் நான் சனி பகவானை வைத்துக் கேலி பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் தனக்குத் தெரிந்த ஒரே இன்சூரன்ஸை எனக்குப் போட்டு வைத்துவிட்டு, தனக்கென்று ஒன்றும் போடாமல், தினமும் இந்த மலையில் ஏறி இறங்கியிருக்கிறார்.

"சரி, எம் பேர்லயே இருக்கட்டும்," என்றேன். "நான் ஓட்டப் பழகுறேன். சேந்து போற அன்னைக்கு நான் ஓட்டுற ஓனர், நீங்க பின்சீட்டு."

"கியர் வண்டிடி."

"இருக்கட்டும்."

அந்தம்மாவிடம் போய் வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் போட்டோம். அவர் தனியாகப் போகிற நாட்களுக்காக, அவர் பேரில் ஒரு விபத்துப் பாலிசியும் தனியாக எடுத்தோம். கையெழுத்துப் போடும்போது, "இதெல்லாம் தேவையா" என்று முனகினார். நான் பார்த்த பார்வையில் பேசாமல் போட்டார்.

வாய்க்கால் ஓரத்து மண்பாதையில் சுடிதார் போட்டுக்கொண்டு பழகினேன். கிளட்ச்சை நான் விடுகிற லட்சணத்துக்கு வண்டி தவளை மாதிரி குதிக்கும். அவர் கூடவே ஓடி வருவார், மூச்சு வாங்கும். லைசென்ஸ் எடுக்க எட்டுப் போடப் போன அன்று முதல் தடவை கால் ஊன்றிவிட்டேன், போய்ப் பழகிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த தடவை ஊன்றவில்லை. வந்த கையோடு அந்தம்மாவிடம் போய், ஓட்டுகிற ஓனருக்கான கவரையும் என் பேரில் சேர்த்துக்கொண்டேன்.

மழை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் முன்னாலும் அவர் பின்னாலுமாக மெட்டு ஏறினோம். சாலை என்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது. குழி, மணல், எதிரே வருகிற ஜீப், முன்னால் புகைவிட்டுப் போகிற லாரி. பாறையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. காலை இருபக்கமும் போட்டு உட்கார்ந்திருந்த அவருக்கோ முழு உலகமும் கிடைத்துவிட்டது.

"ஏ, இங்கரு, பாறையில தண்ணி கொட்டுது! இது எப்ப இருந்து?"

"எப்பவும் கொட்டுது."

"அங்கன பாரு, நம்ம ஊரு எம்புட்டுக்காணு சின்னதாத் தெரியுது!"

"நான் பாக்க முடியாது. நீங்க பாத்துச் சொல்லுங்க."

சொல்லிக்கொண்டே வந்தார். தோட்டத்தில் வேலை முடித்து இறங்கும்போதும் கொஞ்ச தூரம் சொல்லிக்கொண்டுதான் வந்தார். பிறகு பேச்சு இழுத்தது, நின்றது. அவருடைய ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் டொக்கென்று இடித்தது.

"ஏங்க, தூங்காதீக!"

ம் என்றார். மறுபடி டொக்.

என் இடுப்பைச் சுற்றியிருந்த அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று இடதுகையை எடுத்தேன். எடுத்த நொடியில் ஹேண்டில்பார் ஆடியது. கையைச் சட்டென்று திரும்ப அதே இடத்தில் வைத்தேன். இந்த இறக்கத்தில்தான், இத்தனை வருஷமும், என் கைமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு மற்றொரு கையால் அவர் ஓட்டி வந்திருக்கிறார்.

அடுத்த வளைவுக்கு முன்னால் சாலை அகலமான இடத்தில் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்தேன். இரண்டு காலையும் நன்றாக ஊன்றிக்கொண்டேன். வலதுபக்கம் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு ஒற்றை இலவமரம் நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். முதுகில் அவருடைய பாரம் முழுதும் சாய்ந்திருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. வண்டி நின்றுவிட்டதால் இப்போது என் இடதுகைக்கு வேலை இல்லை. அதை அவர் கைமேல் வைத்துக்கொண்டு, அவராக விழிக்கும் வரை அப்படியே நின்றேன்.