சண்டை முடிவதற்குள்

அஞ்சலிக்குப் பிரெஞ்சு தெரியாது. இது தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருத்தி அவள். இன்னொருவர் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் அண்ணன் கிறிஸ்துதாஸ். மூன்றாவது ஆளான அவளுடைய அப்பா இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. தெரியாதவர்கள் பட்டியலில் முதல் பெயர் அவள் புருஷன் ஜோசப் ஆனந்துடையது.

அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு என்றால் புதுச்சேரியில் அந்தத் தெருவுக்கே அடையாளம். வீட்டில் அத்தனை பேருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். மகனைப் பிரெஞ்சுப் பள்ளியில் போட்டார். மகளுக்கு, பக்கத்திலேயே கன்னியாஸ்திரீகளின் தமிழ்ப் பள்ளி இருக்கிறதே, பொட்டப்பிள்ளைக்கு அது போதும் என்று முடிவு செய்தார். அப்படியாக அஞ்சலிக்குத் தெரிந்த பிரெஞ்சு, போன்ஜூர், மெர்சி, அப்பா குடித்தால் திட்டும் இரண்டு கெட்ட வார்த்தைகள். அவ்வளவுதான்.

ஆனால் பாஸ்போர்ட் உள்ள வீட்டில் நாய்கூட பிரெஞ்சில்தான் குரைக்கும் என்று நம்புகிற ஊர் இது. தொண்ணூற்றொன்பதில் பெண் பார்க்க வந்தபோது தரகர், "பொண்ணு வெள்ளைக்காரியாட்டம் பேசும்" என்று அளந்துவிட்டார். அஞ்சலி கதவுக்குப் பின்னால் நின்று, அப்பா மறுத்துச் சொல்வார் என்று காத்திருந்தாள். அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். ஆனந்தின் முகம் மலர்ந்ததை அவள் கதவிடுக்கில் பார்த்தாள். அப்போதே வெளியே வந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பிறகு சொல்வதற்கு ஒரு நல்ல நாள் ஏழு வருஷமாக வாய்க்கவில்லை.

எப்படித்தான் சமாளித்தாள் என்று கேட்கலாம். அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. கான்சுலேட்டுக்குக் கொடுக்க வேண்டிய, அப்பா 'தொசியே' என்று சொல்லும் காகிதக் கட்டை, அண்ணன் லீவில் வரும்போதெல்லாம் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்துவிடுவார். கான்சுலேட் கவுண்டரில் இருந்தவர்கள் தமிழர்கள். ஒரே ஒருமுறை கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி அவளிடம் வழி கேட்டாள். அஞ்சலி கையை வடக்கே நீட்டி, "மெர்சி, மெர்சி" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். அந்தக் கிழவி எங்கே போய்ச் சேர்ந்தாளோ. கூட வந்த ஆனந்துக்கு அன்றைக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறு அக்டோபரில் ஆனந்துக்கு விசா வந்தது. பிப்ரவரியில் பிரான்சுக்குப் பயணம். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் அவன் சூப்பர்வைசர், பத்து வருஷ வேலை. டிசம்பர் ஒன்றாம் தேதி ராஜினாமா கொடுப்பதாக முடிவு. கடிதம் டைப் ஆகி பீரோவில் விவிலியத்துக்கு அடியில் இருந்தது. "அங்க போனா நீ பேசு, நான் உழைக்கிறேன்" என்று தினம் ஒருமுறையாவது சொல்வான். அங்கே வீடு பார்ப்பது, வேலை கேட்பது, ஆஸ்பத்திரிக்குப் போவது எல்லாமே வாயால் நடக்க வேண்டிய காரியங்கள். அந்த வாய் தன்னிடம் இல்லை என்று ஒன்றாம் தேதிக்கு முன்னால் சொல்லியாக வேண்டும். அந்தக் கடிதம் போய்விட்டால் பிறகு சொல்லி என்ன பிரயோஜனம்?

இந்த நேரம் பார்த்துத்தான் அந்த வீடியோ கேம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

அண்ணன் ஜூலையில் வந்தபோது தன் பிள்ளைகள் விளையாடித் தள்ளிய பிளேஸ்டேஷனையும் ஒரே ஒரு டிஸ்க்கையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மழை பிடித்துக்கொண்டதும் ஆனந்த் அதைத் தூசி தட்டி எடுத்தான். ரெட்டியார்பாளையத்து மாடி வீட்டில், சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து குளித்ததும் டிவி முன்னால் உட்காருவான். கதை இதுதான்: தண்ணீரில் பாதி மூழ்கின ஒரு ஊர். எந்நேரமும் மூடுபனி, தூரத்தில் கோயில் மணி. விளக்கும் ஒரு இரும்புத் தடியும் பிடித்தபடி ஒருத்தி தெருத் தெருவாக நடக்கிறாள். பார்க்க அத்தனை அழகு. ஆனால் பத்தடி வைத்தால் தண்ணீருக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் மூன்று பேர் எழுந்து வருவார்கள். அடித்தால் விழுவார்கள், மறுபடி எழுவார்கள். அடுத்த தெருவில் நான்கு பேர். அதற்கடுத்த தெருவில் மறுபடி மூன்று பேர். அதே முகம், அதே உறுமல், அதே அடி. அவர்களை ஒழித்துக்கட்டினால்தான் அந்தப் பெண் யாரிடமாவது நின்று பேசுவாள். பேசுவது பிரெஞ்சு. கீழே ஓடும் எழுத்தும் பிரெஞ்சு. ஆங்கிலம் இருக்கிறதா என்று ஆனந்த் தேடிப் பார்த்தான். இல்லை. இருந்தாலென்ன, பக்கத்தில் அஞ்சலி இருக்கிறாளே.

"என்ன சொல்றா?" என்று முதல் நாள் கேட்டான்.

அஞ்சலி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "தங்கச்சியைத் தேடி வந்திருக்காளாம்" என்றாள். எங்கிருந்து வந்தாளோ அந்தத் தங்கச்சி, அவளுக்கே தெரியாது.

உடனே சண்டை ஆரம்பித்துவிட்டது. பத்து நிமிஷம் அவன் அடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பத்து நிமிஷத்தில் அஞ்சலி தங்கச்சிக்கு ஒரு பெயர் வைத்தாள், வீட்டைவிட்டு ஏன் போனாள் என்று ஒரு காரணம் வைத்தாள், அக்கா மேல் அவளுக்கு இருந்த கோபத்தையும் வைத்தாள். சண்டை முடிந்து அடுத்த பேச்சு வந்தபோது அவள் தயாராக இருந்தாள்.

இப்படியே நவம்பர் முழுக்க ஓடியது. சண்டை அவனுக்குச் சலிப்பு, அவளுக்கு மூச்சு விட நேரம். "எத்தனை தடவைடா இதே ஆளுங்கள அடிக்கிறது" என்று அவன் புலம்பும்போது, இன்னும் இரண்டு பேர் எழுந்து வரட்டும் ஆண்டவரே என்று இவள் வேண்டிக்கொள்வாள். உருப்படியாக ஒரு ஜெபம்கூடச் சொல்லாதவள், அந்தச் சாம்பல் மனிதர்களுக்காக ஒரு மாதம் ஜெபித்தாள். கெட்டிக்காரி, கதையும் நன்றாகத்தான் வந்தது. படகுக்காரன் ஒருவன், அவனிடம் தங்கச்சி விட்டுப்போன கடிதம், எதற்காகவோ பூட்டியே கிடக்கும் ஒரு கதவு. சோறு ஆறிப்போவது தெரியாமல் ஆனந்த் கேட்பான். மறுநாள் கம்பெனியில் கூட வேலை செய்யும் சுப்பிரமணியனிடம் அப்படியே ஒப்பிப்பான். டீ நேரத்தில் அதைக் கேட்க நாலு பேர் சேர ஆரம்பித்தார்கள்.

ஆனால் ஆனந்துக்கு ஞாபகம் அதிகம். "முந்தாநாள் கடிதம்னு சொன்ன, இன்னிக்கு மோதிரம்ங்கற?" என்பான். "ரெண்டுமே குடுத்தா" என்பாள். சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய் உலையைப் பார்ப்பாள், வந்து உட்காருவாள், மறுபடி எழுவாள். ரசத்துக்கு இரண்டு முறை உப்புப் போட்டாள். இந்தச் சண்டை முடிந்ததும் சொல்லிவிடுவது என்று ஒவ்வொரு சண்டையிலும் தீர்மானிப்பாள். சண்டை முடியும். அவன் ஆசையாகத் திரும்பி, "என்ன சொல்றா?" என்பான். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல அவளால் முடியவில்லை. தன் மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கதை சொல்லப் பிடித்தும் இருந்தது. அதுதான் இன்னும் மோசம்.

நவம்பர் முப்பது, வியாழக்கிழமை. ஆனந்த் நனைந்துகொண்டே வந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தான்.

"சுப்பிரமணியன் நேரு வீதி சிடி கடையில கேட்டு எழுதிட்டு வந்தான். இந்தப் பட்டனுங்கள வரிசையா அமுக்கினா ஒரே அடியில எல்லாவனும் காலி. இனிமே சண்டையே கெடையாது. கதை மட்டுந்தான்."

"அப்படி விளையாடினா நல்லாவா இருக்கும்?" என்றாள் அஞ்சலி.

"எனக்குக் கதைதான் வேணும். இன்னிக்கு முடிச்சிட்டு நாளைக்கு லெட்டரக் குடுத்துடறேன்."

அதற்குப் பிறகு நடந்தது வேடிக்கை இல்லை. சாம்பல் மனிதர்கள் எழுவதற்குள் விழுந்தார்கள். அந்தப் பெண் தெருக்களை ஓட்டமாகத் தாண்டினாள். ஒரு பேச்சு, உடனே அடுத்த பேச்சு. அஞ்சலி வாய்க்கு வந்ததைச் சொன்னாள். பூட்டிய கதவு திறந்தது. உள்ளே தங்கச்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. தாடி வைத்த ஒரு கிழவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இது யாரு?"

"தாத்தா."

"தாத்தா செத்துட்டாருன்னு போன வாரம் சொன்னியே."

அவள் பதில் தேடுவதற்குள் கிழவர் ஒரு காகிதத்தை நீட்டினார். திரை முழுக்கக் கையெழுத்தில் ஒரு கடிதம். பட்டனை அமுக்கும் வரை அது நகராது. ஆனந்த் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தான்.

"அவசரமில்ல, பொறுமையா படி. முதல்ல பிரெஞ்சுலயே சத்தமா படி, அப்புறம் தமிழ்ல சொல்லு. அங்க போனா காதுக்குப் பழகணும்ல."

அஞ்சலி திரையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். முதல் வார்த்தையை எப்படி உச்சரிப்பது என்றே தெரியவில்லை. அவன் காத்திருந்தான். சண்டை எதுவும் வரவில்லை.

"எனக்குப் பிரெஞ்சு தெரியாதுங்க."

அவன் சிரித்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"அப்ப அந்தத் தங்கச்சி?"

"நானா சொன்னது."

"படகுக்காரன்?"

"அதுவும் நானா சொன்னதுதான்."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மச்சானுக்கு?"

அவள் தலையாட்டினாள்.

"எனக்கு மட்டுந்தான் தெரியாதா" என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடாமல் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

காலையில் அவள் கண்விழித்தபோது அவன் இல்லை. வண்டியும் இல்லை. பீரோவைத் திறந்தாள். விவிலியம் இருந்தது, அடியில் கடிதம் இல்லை.

எடுத்துப்போனது கொடுப்பதற்கா, கிழித்துப்போடுவதற்கா? கோபத்தில் கொடுத்துவிட்டு வந்து, நீ மட்டும் போய்த் தொலை என்பானா? கொடுக்காமல் வந்து, பயணமும் வேண்டாம் நீயும் வேண்டாம் என்பானா? அஞ்சலி கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். அவளுக்குத் திடீரென்று ஒன்று புரிந்தது. எது நடந்தாலும், சாயங்காலம் அவன் வந்து சொல்ல, அவள் நின்று கேட்டுக்கொள்ளப்போகிறாள். கதவுக்குப் பின்னால் நின்ற அன்றைக்கும் இதேதான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடையைக்கூட எடுக்காமல் கதவைப் பூட்டிவிட்டு இறங்கி, விழுப்புரம் சாலையில் டெம்போ பிடித்தாள்.

கம்பெனி கேட்டில் டீ நேரம். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு மழையில் நின்றாள். சுப்பிரமணியனும் ஆனந்தும் சேர்ந்து வெளியே வந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஆனந்த் நின்றுவிட்டான். சுப்பிரமணியன்தான் வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"இன்னா அண்ணி, மழையில? நல்லவேளை வந்தீங்க. கதவுக்குள்ள அந்தத் தங்கச்சி இருந்தாளா இல்லியா? இவன் காலையிலேர்ந்து வாயே தொறக்க மாட்றான்."

அஞ்சலி புருஷனைப் பார்த்தாள். இங்கேயே, ஊருக்கு முன்னால் போட்டு உடைத்தால் உடைக்கட்டும் என்று நின்றாள்.

"அத அவ இன்னும் யோசிக்கல" என்றான் ஆனந்த்.

சுப்பிரமணியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீக்கடைப் பக்கம் நகர்ந்தான்.

"லெட்டர் குடுத்துட்டீங்களா?"

"சட்டைப் பையிலதான் இருக்கு. மேனேஜர் ரூம் வரைக்கும் ரெண்டு தடவ போயிட்டு வந்துட்டேன்." அவன் வாட்ச்மேன் கொட்டகைக்குக் கீழே ஒதுங்கினான். அவளும் ஒதுங்கினாள். "பொய் சொல்ல மாட்டேன் அஞ்சலி. பிரெஞ்சு பேசற பொண்ணுன்னுதான் உன்னக் கட்டினேன்."

"தெரியும். அதான் பயம்."

"ஏழு வருஷத்துல ஒரு நாள் சொல்லியிருக்கலாம்ல."

"ஒவ்வொரு சண்டை முடிஞ்சதும் சொல்லணும்னுதான் இருந்தேன்."

அவன் கண் சிவந்திருந்தது. இராத்திரி தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தான் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது. இருந்தாலும் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அழுவதற்காக அவள் டெம்போ ஏறி வரவில்லை.

"போலாமா, வேணாமா? இந்தத் தடவ நீயே சொல்லு" என்றான்.

"போலாம். ஆனா அங்க போய் உங்களுக்காக நான் பேச மாட்டேன். பேசத் தெரியாது. முதல் நாளே எங்கயாவது பள்ளிக்கூடம் இருக்கான்னு பாத்து, சின்னப் பிள்ளைங்க மாதிரி முதல் எழுத்துலேர்ந்து கத்துக்குவேன். நீங்களும் வாங்க. ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஆவும். அதுவரைக்கும் அண்ணன் கைய எதிர்பாத்துதான் நிக்கணும். அவமானமாத்தான் இருக்கும்."

"அப்ப யார நம்பி நான் இந்த வேலைய விடறது?"

"என்ன நம்பி விடுங்க. என் பிரெஞ்ச நம்பி விடாதீங்க."

டீ நேரம் முடிந்து சங்கு ஊதியது. ஆட்கள் டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே ஓடினார்கள். ஆனந்தும் போனான். கேட்டுக்குள் நுழைந்தால் வலது பக்கம் மிஷின் ஷெட், இடது பக்கம் ஆபீஸ். அஞ்சலி கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவன் நடுவில் கொஞ்ச நேரம் நனைந்துகொண்டு நின்றான். பிறகு பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இடது பக்கம் நடந்தான்.