பதினொரு நிமிடப் பேய்க்கதை

உதுமான் பாய் கடைக்குள் நுழைந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தாராவியில் பழைய புத்தகமும் நோட்டும் விற்கிற பத்தடிக் கடை என்னுடையது. இருக்கிற ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து, போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு சத்தமாகப் பேய்க்கதை வாசிப்பார். நோட்டு வாங்க வருகிறவன் மிரள மாட்டானா?

பாய்க்கு எழுபது வயது. தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தவர், கை நடுக்கம் வந்ததும் வாடகைக்கு விட்டுவிட்டார். மனைவி மௌத்தாகி நாலு வருடம். ஒரே மகள் சஃப்ரீன் சார்ஜாவில். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு போன், அதுவும் இரண்டு நிமிடம். ஒருநாள், "பேய்க்கதைன்னா எனக்கு உசுரு வாப்பா. நீங்க வாசிச்சு அனுப்புங்க, கேக்கேன்" என்று சொல்லிவிட்டாள். மனுஷனுக்கு அது போதாதா? என் கடையைக் குடைந்து, அட்டை போன மிகப் பழைய நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டார். வீட்டில் தனியாக வாசித்தால் பயமாக இருக்கிறதாம். அதனால் என் ஸ்டூல்.

கதையில் மலைமேல் ஒரு பங்களா. பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுகிறார்கள். குலை நடுங்க வேண்டிய இடம். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

"ஓய் பூலோகம், இந்தப் பேயி பாவம்யா. எத்தன நாளா தட்டுது! ஒருத்தனாவது என்ன வேணும்னு கேட்டானா?"

"நீரு வேணா போய்த் திறந்து விடும்" என்றேன்.

தினமும் பத்து, பன்னிரண்டு நிமிடம் வாசித்து அனுப்புவார். அரை நிமிடத்தில் பதில் வந்துவிடும்: ஒரு இதயப் படம், இங்கிலீஷ் எழுத்தில் "சூப்பர் வாப்பா". பன்னிரண்டு நிமிடக் கதையை அரை நிமிடத்தில் எப்படிக் கேட்பாள்? எனக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை.

ஒரு காலையில் டீயால் சண்டை வந்தது. எனக்குச் சர்க்கரை வியாதி. இவர் இரண்டு கரண்டி போட்டு வாங்கி வந்தால் விடுவேனா? போன் பதிவு செய்துகொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. பதினொரு நிமிடச் சண்டையும் அப்படியே சார்ஜாவுக்குப் போய்விட்டது. பாய் பதறி அழிப்பதற்குள் பதில்: "ரொம்ப பயமா இருந்துச்சு வாப்பா!"

பாவி, நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

இனி வரமாட்டார் என்றிருந்தேன். மறுநாள் பத்து மணிக்கு வந்தார். இந்த வாரம் கதை முடிகிறது என்று மகளிடம் வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தார். கடைசி அத்தியாயத்தில் அரைப் பக்கம் வாசித்தார். பிறகு புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அதே வாசிக்கிற குரலில் தொடர்ந்தார்.

"சஃப்ரீன், போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேம்மா. விடியிற வரைக்கும் எந்திரிக்க முடியல. பக்கத்து வீட்டு வந்தனா வந்துதான் தூக்குனா. ஒங்கிட்ட சளின்னு சொன்னது பொய். இப்படியே தனியா கெடந்து மௌத்தாயிருவேனோன்னு பயமா இருக்கு. ஒரு தடவ வந்துட்டுப் போம்மா."

அனுப்பினார். நானும் போனையே பார்த்தேன். கேட்டுவிடு தாயே, இந்த ஒன்றையாவது கேட்டுவிடு என்று மனசு அடித்துக்கொண்டது.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு இதயம். "முடிவு சூப்பர் வாப்பா. அடுத்த கதை எப்போ?"

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது எனக்கு. "இப்பவே அவளுக்குப் போனப் போட்டு நாலு கேள்வி கேக்கேன், பாரும்!"

பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அரே, விடும் ஓய். இதெல்லாம் நேரா சொன்னா பிள்ள பயந்துரும். இப்ப சொல்லியாச்சுல்லா."

பிறகு என் அலமாரியை அண்ணாந்து பார்த்தார்.

"இதவிடத் தடியா ஒரு புஸ்தகம் இருந்தா எடும்."