செவ்வாய்க்கிழமையே தெரிந்தவன்

அன்று மச்சான் முகம் கழுவிவிட்டு வந்து நின்றான். எத்தியோப்பியாவின் வடக்கு மலைப்பகுதியில், பெயர் வாயில் நுழையாத ஒரு சிறிய ஊரின் லாட்ஜில் நாங்கள் இருவரும் மாட்டிக்கொண்டு ஆறாவது நாள். ஒரு நாளைக்கு இருவருக்கும் சேர்த்து ஒரு வாளித் தண்ணீர்தான். அப்படியிருக்க, ஆஸ்பத்திரியில் மட்டும் போன் வேலை செய்கிறது என்று கேள்விப்பட்டுத் திண்டுக்கல்லுக்குப் பேசப் போனவன், சட்டைக் காலர் வரை நனைந்து திரும்பியிருந்தான். நான் வயிற்றுப்போக்கில் எழ முடியாமல் கிடந்தேன்.

"வீட்ல பேசுனியா?"

"பேசுனேன். எல்லாரும் இருக்காங்க. நீ செத்த நேரம் தூங்கு மாப்ள."

மச்சான் என் அத்தாவின், அதாவது அப்பாவின், தங்கை மகன். என்னைவிட ஒரு வயது மூத்தவன். நினைத்தால் சிறுமலைக்கு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவான். பாதி மலையில் பெட்ரோல் தீரும், மழை பிடிக்கும், சிரித்துக்கொண்டே தள்ளிக்கொண்டு வருவான். அதே தைரியத்தில்தான் இந்தப் பயணத்தையும் போட்டான். பாறையைக் குடைந்து கட்டிய கோயில்களை எங்கோ வீடியோவில் பார்த்திருக்கிறான். தலைநகரில் தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்த, அத்தாவுக்குத் தெரிந்த ஒருவர், "வடக்க போகாதீங்க தம்பி, சண்டை நடக்குது" என்று தெளிவாகச் சொன்னார். "நாலு நாள்ல போய்ட்டு வந்துரலாம்" என்றான் மச்சான். தோல் மண்டியில் அத்தாவோடு உட்கார்ந்து சலித்துப்போயிருந்த நானும் தலையாட்டினேன்.

எங்களிடம் இருந்த இரண்டு கார்டுகளும் அங்கே செல்லவில்லை. மலைக்குளிருக்குக் கம்பளி இல்லை, மாத்திரை இல்லை, அந்த மொழியில் நன்றி தவிர ஒரு சொல்லும் தெரியாது. வழியில் ராணுவத்தினர் பையைத் தரையில் கொட்டி, அம்மா கொடுத்துவிட்ட எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார்கள். அடுத்த ஊரிலேயே சாலையை மூடிவிட்டார்கள், மொபைலும் போய்விட்டது. தினமும் காலையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் போவோம். டிரைவர் கையைக் காட்டுவார். நாளைக்கு என்று அர்த்தம். முதல் நாள் தூரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கடியில் புகுந்தோம். நான்காம் நாள் அதே சத்தத்தில் புளித்த அப்பத்தைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தோம். மச்சானை நான் திட்டாத திட்டு இல்லை. பிறகு திட்டுவதும் நின்றுபோனது.

போன் பேசிவிட்டு வந்த பிறகு அவன் மாறிவிட்டான். தன் போர்வையையும் எனக்குப் போட்டான். எங்கிருந்தோ ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்து, தோலுரித்து, ஒவ்வொரு சுளையாகக் கொடுத்தான். கூட்டி வந்து மாட்டிவிட்ட குற்றவுணர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள் ஒரு வெங்காய லாரியில் இடம் கிடைத்தது. இரண்டு பைகளையும் அவனே சுமந்தான்.

விமான நிலையத்தில், உள்ளே போகும் வரிசைக்கு முன்னால், "மாப்ள, ஒக்காரு" என்றான்.

"மாமா மௌத்தாயிட்டாரு. நெஞ்சு வலி. திங்கக்கெழம. அன்னைக்கு சாயங்காலமே அடக்கம் பண்ணிட்டாங்க."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாக்கெழம."

அத்தா இறந்ததைக் கேட்டும் எனக்கு அழுகை வரவில்லை. முன்னால் நின்றவர்கள் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஷூவையும் கழட்டணுமா?" என்று கேட்டேன். அவன் என்னையே பார்த்தான். பிறகு குனிந்து என் ஷூ கயிற்றை அவிழ்த்தான்.

வீட்டில் அம்மா வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தார். "ரொம்ப எளச்சுட்டியேப்பா, சாப்டியா?" என்றுதான் கேட்டார். சாப்பிட்டேன். அத்தாவை அடக்கிய கபரஸ்தானுக்குப் போனேன். இடையில் மழை பெய்திருந்ததால் மண் படிந்து, பழைய கபர்களோடு கபராக இருந்தது. எது என்று அடுத்தவர் காட்டவேண்டியிருந்தது. துஆ ஓதினேன். வெயில் ஏறியதும் வந்துவிட்டேன். ஒரு நாள் அழுகை வரும் என்று ஊரே சொன்னது. வருஷங்கள் ஆகின்றன. மண்டியில் அத்தாவின் நாற்காலியில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறேன்.

மச்சானும் நானும் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. அவன் அதற்குப் பிறகு சிறுமலைக்குக்கூடப் போவதில்லை. போன மாதம் அவன் மண்டிக்கு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எதற்கென்று தெரியாமல் கேட்டுவிட்டேன். "அன்னைக்கே ஏன் சொல்லல?"

இத்தனை வருஷம் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல உடனே சொன்னான். "சொல்லியிருந்தா நீ நடந்தாவது கெளம்பிருப்ப மாப்ள. ஒன்னய யாரு நிறுத்த முடியும்? வழியில சுட்டுப் போட்டிருப்பாய்ங்க. மாமாவும் இல்ல, நீயும் இல்லன்னா, மாமி மொகத்துல நான் எப்புடி முழிப்பேன்?" சொல்லும்போதே அவன் கண் கலங்கியது.

நான் தலையாட்டினேன். நடந்திருக்க மாட்டேன். அந்தக் கட்டிலில் கிடந்தபடியே செய்தியைக் கேட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பேன். அதை அவனிடம் சொல்லவில்லை. இன்னொரு டீ சொல்லட்டுமா என்று கேட்டேன்.