ஒட்டடைக் கம்பும் ஒரு பல்சரும்

வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பது என்று சொன்னதும் அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. பத்தரைக்கு ராகுகாலம்.

“ஒன்றர மணி நேரம் தள்ளி வைக்கச் சொல்லு ஆத்தா. கேட்டா மாட்டேம்பாங்களா?”

யாரிடம் கேட்பது? விண்ணில் சுற்றும் எக்ஸ்ரே தொலைநோக்கியில் எனக்குக் கிடைத்ததே அந்த நேரம்தான். அதே நேரத்துக்கு ரேடியோ தொலைநோக்கியையும் கேட்டு வாங்க ஒரு வருடம் நாயாய் அலைந்தேன். நான் ஆராய்வது ஒரு பல்சரை. செத்துப்போன நட்சத்திரத்தின் மிச்சம் அது. நொடிக்கு ஒரு சுற்று, சுற்றுக்கு ஒரு ரேடியோ துடிப்பு. சில சமயம் திடீரென்று ரேடியோவில் அடங்கிவிடும். அப்போது எக்ஸ்ரேயில் என்ன செய்கிறது? இரண்டிலும் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் தெரியும். தெரியாவிட்டால் என் முனைவர் பட்டம் அம்போதான்.

அப்பா பரஸ்தானம் வைக்கலாம் என்றார். நல்ல நேரத்தில் கிளம்ப முடியாவிட்டால் பயணப் பெட்டியை மட்டும் முன்கூட்டியே பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைப்போமே, அதுதான். பெட்டிக்குப் பதில் லேப்டாப். சண்டை போடத் தெம்பில்லாமல் நானும் ஒத்துக்கொண்டேன், புத்திகெட்டவள்.

எல்லாக் கட்டளைகளையும் அடித்துவைத்தேன். எண்டரை அழுத்தினால் இணையம் வழியாக ரேடியோ தொலைநோக்கியில் பதிவு தொடங்கிவிடும். மூடினால் இணைப்பு போய்விடும் என்பதால் ஒன்பதரைக்குத் திறந்தபடியே கொடுத்தேன். அப்பா அதற்குக் குங்குமப் பொட்டு வைத்து, கைக்குழந்தையைப் போல ஏந்திப்போய் எதிர்வீட்டு அத்தையின் கூடத்து மேசையில் வைத்துவிட்டு வந்தார். எங்கள் வைஃபை அதுவரை எட்டும்.

பத்தரைக்கு எடுக்கப் போனால் கதவில் பூட்டு. அத்தைக்குப் போன் போட்டேன்.

“திருச்சி பஸ்சுல இருக்கேன் ஆத்தா, மாத்தூர் தாண்டியாச்சு. வெலையுள்ள சாமான் இருக்கேன்னு ரெண்டு பூட்டாப் போட்டுட்டுத்தான் வந்தேன். நீ கவலப்படாத.”

எங்கள் கீரனூர்த் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அப்பாவிடம் கத்தினேன். அழுகையும் வந்துவிட்டது. அவர் வீட்டுக்குள் போய் ஒட்டடைக் கம்போடு வந்தார். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால் லேப்டாப் தெரிந்தது. கம்பை வாங்கக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

“நீ அழுத்தாத. ராகுகாலம். எதுன்னாலும் என்னோட போகட்டும்.”

“இங்கிட்டுப்பா… இன்னும் இங்கிட்டு… அய்யோ, தள்ளாதீங்க!”

லேப்டாப் மேசை விளிம்புப் பக்கம் ஒரு சாண் நகர்ந்தது. சரியாகப் பத்து நாற்பதுக்குக் கம்பு நுனி எண்டரைத் தொட்டது. திரையில் துடிப்புகள் வரிசையாக எழ ஆரம்பித்தன. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இருவரும் நின்றே பார்த்தோம். பதினொன்றே காலுக்குத் துடிப்புகள் சட்டென்று அடங்கின. நான் குதித்தேன். கெட்டுப்போச்சு என்று அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். அதற்காகத்தான் காத்திருந்தேன் என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை.

எக்ஸ்ரே பதிவு ஒரு வாரம் கழித்து வந்தது. ரேடியோ அடங்கிய அதே நிமிடத்தில் எக்ஸ்ரே பிரகாசம் கூடியிருந்தது. அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

அவர் வேறொன்று கேட்டார். “அந்த வெளிச்சம் அங்கேருந்து எப்பக் கிளம்புனுச்சு?”

“மூவாயிரம் வருசம் இருக்கும்ப்பா.”

“அப்பச் சரி. அது நல்ல நேரம் பாத்துத்தான் கிளம்பிருக்கு.”

அந்த வாரத்தில் அன்றைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.