குரல் சோதனையில் தோற்றவள்

குன்னூரில் ஒரு தேயிலைத் தரகர் அலுவலகத்தில் சாந்தாமணிக்கு ஏலப் பட்டியல் அடிக்கிற வேலை. எந்தத் தொழிற்சாலை, என்ன தரம், எத்தனை மூட்டை என்று எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்திலேயே அடிக்க வேண்டும். ஆறு வருடம் அப்படி அடித்ததில், சின்ன எழுத்து என்று ஒன்று இருப்பதே அவள் விரலுக்கு மறந்துபோயிருந்தது.

வயது முப்பத்தொன்று. கைக்குழந்தையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து அம்மா ஆண்டாயியோடு கப்பலேறி வந்தவள். ஐந்து வயதில் தொண்டை அடைப்பான் வந்து ஆள் பிழைத்தாள். குரல் மட்டும் கட்டையாகிப் போனது. அலுவலகத்துக்கு ஃபோன் வந்து அவள் எடுத்தால் எதிர்முனையில் "சார்" என்பார்கள். அவளும் திருத்துவதை விட்டுவிட்டாள்.

தனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்பது பதினேழு வயதிலேயே அவளுக்குத் தெரியும். தன்னைப் போன்றவர்கள் கூடிப் பேச ஒரு இடம் இருக்கிறது என்பது தெரிய இரண்டாயிரத்து ஒன்று வரவேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில், பெண்களை நேசிக்கும் பெண்களுக்கென்று பெங்களூரிலிருந்து நடக்கும் மின்னஞ்சல் குழுவைப் பற்றி நாலு வரி போட்டிருந்தார்கள். கீழே முகவரியும் இருந்தது.

பச்சைத் தேயிலை விலை படுத்துப்போய், ஏலத்துக்கு வந்த சரக்கில் பாதி வாங்க ஆளில்லாமல் திரும்பிய வருடம் அது. ஆண்டாயிக்குத் தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அலுவலகத்தில் அடிக்கப் பட்டியல் குறைந்தது. கணினி சும்மா கிடந்தது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் சாந்தாமணி குழுவுக்கு எழுதினாள். தனக்கென்று மின்னஞ்சல் முகவரி இல்லாததால் அலுவலக முகவரியிலிருந்தே எழுதினாள்.

நடத்துகிறவள் 'மான்சூன்' என்ற புனைபெயரில் இருந்தாள். சேர்த்துக்கொண்டு விதிகளை அனுப்பினாள். யாரும் நிஜப் பெயர் கேட்கக் கூடாது, சொல்லக் கூடாது. ஊர் கேட்கக் கூடாது. கல்யாணம் ஆனவளா என்று கேட்கக் கூடாது. இங்கே படித்ததை வெளியே கொண்டுபோகக் கூடாது. ஒரு மாதத்துக்குள் தொலைபேசியில் குரல் காட்ட வேண்டும். பெண் வேடம் போட்டு ஆண்கள் நுழைவதால் அந்த ஏற்பாடு.

விதிகள் புரிந்தன. பேச்சுத்தான் புரியவில்லை. அவர்கள் 'குடும்பம்' என்றால் நம்மைப் போன்றவள் என்று அர்த்தம். எதுவும் எழுதாமல் படித்துவிட்டு மட்டும் போகிறவளுக்கு 'பதுங்கி' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல். ஒருத்தி, தான் எட்டு வருடமாக அலமாரிக்குள் இருப்பதாக எழுதியிருந்தாள். சாந்தாமணி பதறிப்போனாள். யார் பூட்டி வைத்தது, சாப்பாடு தருகிறார்களா, போலீசுக்குச் சொல்லலாமா என்று கேட்டு ஒரு பக்கம் எழுதினாள், பெரிய எழுத்திலேயே.

வீட்டில் சொல்லாமல் ஒளிந்து வாழ்வதைத்தான் அலமாரி என்கிறார்கள் என்று மறுநாள் தெரிந்தது. சிரித்து எழுதியவர்கள் சிலர். சிரிக்காதவர்கள் அதிகம். பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவதாக அர்த்தம், எங்கள் மேல் ஏன் கத்துகிறாய் என்று ஒருத்தி கேட்டாள். இந்த இங்கிலீஷும் இந்தச் சந்தேகமும் ஒரு பெண்ணுடையதாகத் தெரியவில்லை என்று இன்னொருத்தி எழுதினாள். சாந்தாமணி மன்னிப்புக் கேட்டாள். அதையும் பெரிய எழுத்தில் அடித்து அனுப்பிய பிறகுதான் கவனித்தாள். குரல் சோதனையை உடனே வைத்துக்கொள்வோம் என்று மான்சூன் நாள் குறித்து எண் அனுப்பினாள்.

மார்க்கெட் பக்கம் ஷௌகத் அலியின் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவள் பேசினாள். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, முடிந்தவரை மெல்லிய குரலில், குழுவில் புதிதாகச் சேர்ந்தவள் பேசுகிறேன் என்றாள். மான்சூன், வீட்டில் பெண் யாராவது இருந்தால் ஃபோனைக் கொடு என்றாள். நான்தான் பெண் என்று சாந்தாமணி சொல்லி முடிப்பதற்குள் தொடர்பு அறுந்தது. மறுபடி கூப்பிட்டாள். "போலீஸுக்குப் போவேன்" என்று பதில் வந்தது.

அன்று மாலையே மான்சூன் குழு முழுமைக்கும் எழுதினாள். ஓர் ஆண் உள்ளே நுழையப் பார்த்தான், நீலகிரிக்காரன், அவன் பேசிய எண் இது, முகவரி இது, எல்லோரும் எச்சரிக்கையாக இருங்கள். விதிகளை எழுதியவளே ஊரையும் எண்ணையும் போட்டு உடைத்துவிட்டாள். குழுவில் ஒருத்தியும் அதைக் கேட்கவில்லை.

மூன்று நாள் பூத்துக்கு வசவு ஃபோன் வந்தது. நாலாம் நாள் சாந்தாமணி அந்த வழியாகப் போனபோது ஷௌகத் அலி கூப்பிட்டார். அவருக்குக் கோபத்தைவிட அசிங்கப்பட்டதுதான் முகத்தில் தெரிந்தது.

"ஏனுங்கம்மா, நம்ம கடை நம்பரை யாருக்குக் குடுத்தீங்க? பொம்பளைங்க பேசற பேச்சா அது? எம் மக ஹாஜிரா எடுத்துட்டா. இனிமே இந்தப் பக்கம் பேச வராதீங்க."

அவள் அலுவலகத்துக்கு நடந்தாள். அலுவலகத்தில் அதைவிட மோசம். கணினிப் பொறுப்பாளன் ரமேஷ்குமார், அலுவலக மின்னஞ்சலுக்கு வந்த வசவுகளைப் பிரித்துப் படித்திருந்தான். படித்ததோடு நிற்காமல் அச்செடுத்து, ஏலத் தேதி ஒட்டும் பலகையில் குத்தி வைத்திருந்தான். சாந்தாமணி வந்து பார்த்தபோது கணக்கர் படித்துக்கொண்டிருந்தார். அவள் தாளைக் கிழித்தாள். ரமேஷ்குமார் இன்னொரு பிரதியை நீட்டினான்.

"வேணும்னா இதையும் வெச்சுக்குங்க. கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க, நீங்க இதுல ஆம்பளையா பொம்பளையா?"

அவள் அறைந்தாள். அவன் மூக்குக்கண்ணாடி மேசைக்கடியில் போய் விழுந்தது. முதலாளி உள்ளேயிருந்து வந்தார். அறைந்ததைப் பற்றியோ தாளைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மார்க்கெட் நிலவரம் அவளுக்கே தெரியும் என்றும், கணினிக்கு இரண்டு பேரை வைத்துக்கொள்ள முடியாது என்றும் சொன்னார். தேயிலை விழுந்ததில் எல்லோருக்கும் நஷ்டம் என்று நினைத்திருந்தாள். இவர்களுக்கு ஒரு சாக்குக் கிடைத்திருக்கிறது என்று அன்று தெரிந்தது.

வேலை போன பதினோராம் நாள், தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டைத் தேடி ஒருத்தி வந்தாள். கேத்தியில் காரட் போடுகிற குடும்பத்துப் பெண். பெயர் பிரியா, ஊட்டியில் நர்ஸ். பூத்தில் விசாரித்து வந்ததாகச் சொன்னாள். ஆண்டாயி தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகும்வரை பிரியா பொறுத்திருந்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

"ரெண்டு வருசமா அந்தக் குரூப்ல இருக்கேனுங்க. ஒரு எழுத்து எழுதினதில்ல. எந்த ஊருன்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. நீங்க வந்து ஒரே மாசத்துல நீலகிரி நீலகிரின்னு நாறுது. நாளைக்கு யாராச்சும் தேடிக்கிட்டு மலையேறி வந்தா நான் என்னங்க பண்றது?"

சாந்தாமணிக்கு முதலில் வந்தது சந்தோஷம். முப்பத்தொரு வருடத்தில் தன்னைப் போன்ற ஒருத்தியைக் கண்ணெதிரே பார்க்கிறாள். அது இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை.

"எங்குரலக் கேட்டீங்கல்ல? என்னப் பார்த்தீங்கல்ல? இவ பொம்பளதான்னு அங்க ஒரு வரி எழுதுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"எழுத மாட்டேனுங்க."

"ஏன்?"

"எழுதினா, நீ யாருன்னு என்னையக் கேப்பாங்க."

அப்படியானால் எழுந்து போகலாம் என்றாள் சாந்தாமணி. பிரியா டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். தேத்தண்ணியில் பாதி அப்படியே இருந்தது.

ஆறு வாரம் கழித்து மறுபடி வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் எழுதியிருக்கிறாள். 'அவள் பெண்தான், நேரில் பார்த்தேன்' என்று ஒரே வரி. இரண்டு வருடம் வாய் திறக்காதவள் இப்போது மட்டும் ஏன் பேசுகிறாள், அவனே இன்னொரு பெயரில் வந்திருக்கிறான் என்று முடிவுகட்டி, குரல்கூடக் கேட்காமல் அவளையும் நீக்கிவிட்டார்கள்.

"உங்களாலதான்" என்றாள் பிரியா. "எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானுங்க."

சாந்தாமணி சமாதானம் சொல்லவில்லை. நன்றியும் சொல்லவில்லை. அதற்குள் அவள் ஊட்டியில் ஒரு இன்டர்நெட் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நாமே ஒன்று தொடங்கலாம், தமிழில், என்றாள். பிரியா சிரித்தாள். அது நல்ல சிரிப்பில்லை. ஆனாலும் அடுத்த வியாழக்கிழமை டூட்டி முடிந்து கடைக்கு வந்தாள்.

தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து நடத்தினார்கள். முதல் விதிக்கே சண்டை. குரல் கேட்காமல் எவளையும் சேர்க்கக் கூடாது என்றாள் பிரியா. அது இருந்தால் நான் இல்லை என்றாள் சாந்தாமணி. ஆம்பளை வந்தால் என்று கேட்டதற்கு, வந்தால் துரத்துவோம் என்றாள். அப்படி இரண்டு ஆண்கள் வந்தார்கள். இருவருமே ஒரே வாரத்தில் உள்பாவாடை அளவு கேட்டு மாட்டிக்கொண்டார்கள். சொற்களையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். புதிதாக வருகிறவள் 'கொழுந்து'. வீட்டில் சொல்லாதவள் 'உள்ளூட்டுக்காரி'. அந்த வகையில் எல்லோருமே உள்ளூட்டுக்காரிகள்தான் என்பதால் அந்தச் சொல்லுக்கு வேலையே வரவில்லை. எழுதத் தெரியாமல் எழுதுகிறவளைப் பார்த்துச் சிரித்தால் நீக்கம். அந்த விதியை சாந்தாமணி கொஞ்சம்கூடத் தளர்த்தவில்லை. ஈரோட்டிலிருந்து வந்த, எல்லோருக்கும் பிடித்த ஒருத்தியை அதற்காகவே வெளியேற்றினாள். அவள் கெஞ்சி எழுதிய நாலு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. மான்சூனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம் என்று பிரியா கேட்டாள். ஒரு மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நான்கு வருடத்தில் பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். இவர்கள் இருவருக்கும் நடுவே காதல் என்று ஒன்று வந்ததில்லை. சிநேகம் என்று சொல்வதற்குக்கூட இருவருமே தயங்குவார்கள். இரண்டாயிரத்து ஐந்தில் பிரியாவுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. கிளம்பும் நாள் ஊட்டி பஸ் நிலையத்துக்கு சாந்தாமணி போனாள். குழுவின் கடவுச்சொல்லைத் தன்னிடம் மட்டும் விட்டுவிட்டுப் போகும்படி கேட்டாள். முடியாது, எனக்கும் பாதி உண்டு என்றாள் பிரியா. கோயமுத்தூர் பஸ் நகர்ந்தபோதும் ஜன்னல் வழியே அதைத்தான் வாதாடிக்கொண்டிருந்தாள்.

சாந்தாமணி கடைக்குத் திரும்பினாள். பாலக்காட்டிலிருந்து ஒரு கொழுந்து எழுதியிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பதில் அடிக்க ஆரம்பித்தாள்.